முந்நூறா, நானூறா

இரண்டு ஜூம் லென்ஸ்களில் எதை வாங்குவது என்று முடிவெடுக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது. கள்ளக்குறிச்சியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் நண்பர் இரண்டையும் கொடுத்து, "மலைக்குப் போயி எடுத்துப் பாருங்க. வேணாங்கறத நாளைக்குத் திருப்பிக் குடுங்க" என்றார். ஒன்று முந்நூறு மில்லிமீட்டர் வரை போகும், கைக்கு அடக்கமானது. இன்னொன்று நானூறு வரை போகும், கழுத்தை இழுத்தது.

வெள்ளிமலைக்கு மனைவியும் வந்தாள். கேமராவைக் கண்டால் ஆதார் அட்டைக்கு நிற்பதுபோல விறைத்துவிடுவாள். முந்நூறை மாட்டிக்கொண்டு, "கொஞ்சம் சிரியேன்" என்றேன்.

"சிரிச்சிக்கினுதான இருக்கேன்."

எங்கள் கல்யாண ஆல்பம் முழுக்க இந்தச் சிரிப்புதான். எனக்குக் கோபம் வந்து, நானூறை எடுத்துக்கொண்டு பறவை தேடி மேட்டில் ஏறிவிட்டேன். அங்கிருந்து கீழே பார்த்தால், பலாப்பழம் ஏற்றி வந்திருந்த ஒரு ஜீப்புக்குப் பக்கத்தில் அவள் பலாச்சுளை தின்றுகொண்டிருந்தாள். பழம் விற்ற அம்மா என்னவோ சொல்ல, பிசுபிசுத்த கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பல் தெரியச் சிரித்தாள். இருபது வருஷமாக எனக்குக் கிடைக்காத படம்.

திரும்பும் பஸ்ஸில் அதைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள்.

"இது எந்த லென்சுல எடுத்தது?"

"கனமானதுல. மேட்டுல இருந்து."

"அப்ப அதையே வாங்கிக்கினு, இனிமே தூரமாவே நில்லுங்க" என்று சொல்லிவிட்டு, என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள்.