பம்பாய்க்குப் போன அத்தை

என்னைப் பெண் பார்க்க வந்திருந்த மதியம், தண்டையார்பேட்டை வீட்டு வாசலில் அத்தை வந்து நின்றார். கையில் ஒரு துணிப்பை. டோல்கேட்டில் பஸ் இறங்கி வெயிலில் நடந்தே வந்திருக்கிறார். இளைத்திருந்தாலும் முகம் தெளிவாக இருந்தது.

அப்பாவின் ஒரே தங்கை அவர். பிரசவமான இரண்டாம் வாரம் தூக்கம் போயிற்று. குழந்தையை யாரோ மாற்றிவிட்டார்கள் என்று வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு போனார். புகுந்த வீட்டார் குழந்தையை வைத்துக்கொண்டு, அவரை மட்டும் எங்களிடம் விட்டுவிட்டார்கள். தாயத்தும் மந்திரிப்பும் தோற்ற பிறகுதான் கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரி. கீழ்ப்பாக்கம் என்பது எங்கள் பக்கத்தில் ஊர்ப்பெயர் அல்ல, வசவு. அதனால் தெருவில் கேட்டவர்களிடம் அம்மா, "பம்பாய்ல வேல கெட்ச்சி போய்க்கீது" என்று சொல்லிவைத்தார்.

மூன்றே மாதத்தில் குணமாகிவிட்டது, அழைத்துப் போகலாம் என்று கடிதம் வந்தது. "பொண்ணு கல்யாணம் முடியட்டும்" என்று அப்பா அதைச் சட்டைப்பையில் மடித்து வைத்தார். அடுத்த கடிதத்துக்கும் அதே பதில். இரண்டு வருடம் ஓடியது. நானும் வாய் திறக்கவில்லை. மாப்பிள்ளையைப் போட்டோவிலேயே எனக்குப் பிடித்துப்போயிருந்தது.

"யாரும்மா அது?" என்றார் மாப்பிள்ளையின் தாயார். அப்பா தரையைப் பார்த்தார். நான்தான் சொன்னேன். "பக்கத்துத் தெரு அம்மா."

அத்தை பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். பிறகு, "ஆமாம்மா. நாக்கு வறண்டு போச்சு, கொஞ்சம் தண்ணி குடு பாப்பா" என்றார். சொம்பில் கொடுத்தேன். குடித்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.

கல்யாணமாகி எட்டு மாதம் கழித்து அவரைத் தேடிக் கண்டுபிடித்தேன். பெண்கள் விடுதி ஒன்றில் சமையல் வேலையில் இருந்தார். நான் அழுது முடிக்கும்வரை கீரையை ஆய்ந்துகொண்டிருந்தார். "நீ சொன்னதுகூட பரவால்ல பாப்பா. தண்ணி குடுக்கசொல்லோ என் மூஞ்சியப் பாக்கல நீ" என்றார். சாப்பிட வைத்துத்தான் அனுப்பினார். அதன் பிறகு மாதம் ஒருமுறை போய்வந்தேன், கணவருக்குத் தெரியாமல். அத்தை இறந்த அன்றும், தெரிந்தவர் ஒருவர் என்றே வீட்டில் சொல்லிவிட்டுப் போனேன்.

இந்த வருடம் என் மகளுக்குக் குழந்தை பிறந்தது. பத்தாம் நாள், தொட்டிலைக் காட்டி, "இது என் கொழந்த இல்லம்மா" என்றாள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம்.

"குடும்பத்துல யாருக்காவது இப்படி இருந்திருக்கா?" என்று டாக்டர் கேட்டார். மருமகனும் சம்பந்தியம்மாவும் அருகிலேயே நின்றார்கள். "அதெல்லாம் யாருக்கும் இல்ல டாக்டர்" என்றார் என் கணவர்.

"எங்க அத்தைக்கு இருந்துது" என்றேன். சம்பந்தியம்மா வெளியே போய்விட்டார். கணவர் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்துவிட்டார்.

மருந்தில் மகள் மெல்லத் தேறினாள். ஒருநாள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அத்தையைப் பற்றிக் கேட்டாள். விடுதியிலேயே இருந்து அங்கேயே இறந்தார் என்றேன்.

"அவங்களுக்குச் சரியாகவே இல்லியா?"

"மூணே மாசத்துல சரியாச்சு."

"அப்புறம் ஏம்மா வூட்டுக்கு வரல?"

"வந்தாங்க" என்றேன்.