அலமாரி மேல் இருந்த லேப்டாப்

என்னங்க...

கல்யாணமாகி வந்த நாள் முதல் என் மாப்பிள்ளையை, என் வீட்டுக்காரரை, நான் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இதுதான் நான் கூப்பிட்ட பேர். இப்போதும் அடுப்படியில் நிற்கும்போது வாய் வரைக்கும் வந்துவிடுகிறது. வந்த பிறகுதான் ஞாபகம் வருகிறது.

கோயம்புத்தூர் ரோட்டில் பைக் சறுக்கி என் மாப்பிள்ளை மவுத்தாகிப் போன பிறகு, புருஷன் போனவள் வீட்டோடு இருக்கும் நாலு மாதம் பத்து நாள் இத்தாவில் இருக்கிறேன். வாசல் தாண்டக் கூடாது. பாலக்காட்டில் எங்கள் வீடு சின்னது. அறையிலிருந்து அடுப்படி, அடுப்படியிலிருந்து அறை என்று நடந்துகொண்டே இருப்பேன். குர்ஆனில் யாசீனைத் திறந்தால் இரண்டு வரிக்கு மேல் போகாது. கண் அலமாரி மேலிருந்த கறுப்புப் பைக்குப் போய்விடும்.

அதில் ஒரு லேப்டாப் இருந்தது. நல்லேப்பிள்ளியில் ஒரு காலேஜ் பெண்ணுடையது. அவர் தன் கம்ப்யூட்டர் கடையில் ரிப்பேருக்கு வாங்கி, வீட்டில் வைத்து முடித்துவிடலாம் என்று கொண்டுவந்தது.

"அடுத்தவங்க நம்பிக் குடுத்த அமானிதம்மா அது. மவுத்தானவன் தலையிலே அது நிக்கக் கூடாது. இருக்கிற மாதிரியே திருப்பிக் குடுத்துரு" என்றார் மாமி, அவருடைய அம்மா.

"சரியாக்கித் தரேன்னு சொல்லி வாங்கினதாச்சே மாமி. பாதியிலே குடுத்தா அமானிதம் தீருமா?"

"நீ பத்தாங்கிளாஸே தாண்டலே. அதைத் தொறந்து என்ன பண்ணப்போறே?"

எனக்கும் தெரியவில்லை. ஆனால் அதைத் திறக்காமல் இருக்க முடியவில்லை.

விண்டோஸ் புதிதாக ஏற்றியிருந்தார். எல்லாம் ஓடியது. வைஃபை மட்டும் இல்லை. உள்ளே இருக்கும் ஒவ்வொரு பாகத்தையும் வேலை செய்ய வைக்க அதற்கென்று ஒரு சின்ன புரோகிராம் வேண்டும், அதற்கு டிரைவர் என்று பேர். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில் அவ்வளவு தெரியும். அவருடைய போனைக் கேபிளில் மாட்டி நெட் எடுத்தேன். லேப்டாப் மூடியில் இருந்த கம்பெனிப் பேரையும் மாடலையும் போட்டுத் தேடி, வந்த வைஃபை டிரைவரை ஏற்றினேன். அப்படி ஒரு சாதனமே இதில் இல்லை என்று வந்தது. வேறொன்றை ஏற்றினேன். அதே பதில். மூடி வைத்துவிட்டு நடந்தேன். திரும்ப வந்து திறந்தேன்.

சோறு தின்றுகொண்டே அவர் சொன்னது அப்போதுதான் நினைவு வந்தது. "மேலே ஒட்டின பேரை நம்பி டிரைவர் போடாதே. உள்ளே என்ன இருக்குன்னு அதுகிட்டயே கேளு." அன்றைக்கு நான் மீன் முள்ளை எடுத்துக்கொண்டே தலையாட்டியிருக்கிறேன்.

டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் போட்ட வரியைத் திறந்தேன். ஹார்ட்வேர் ஐடி என்ற இடத்தில் எழுத்தும் எண்ணும் கலந்து நீளமாக இருந்தது. அதை ஒவ்வொன்றாகப் பார்த்துப் போனில் அடித்தேன். வேறு ஏதோ கம்பெனி வைஃபை கார்டின் பேர் வந்தது. எங்கேயோ பார்த்த பேர்.

எங்கள் வீட்டு லேப்டாப்பில்தான். அதில் டிரைவர்களை அவர் ஒரு ஃபோல்டரில் சேர்த்து வைத்திருந்தார். திறந்து பார்த்தேன். அதே பேர் அங்கே இருந்தது.

அவர் போவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் எங்கள் லேப்டாப்பில் வைஃபை வராமல் போயிருந்தது. நான் சண்டை பிடித்தேன்.

"ஊருக்கெல்லாம் சரியாக்கறீங்க. நம்ம வீட்டுலே மட்டும் கெட்டுக் கெடக்கு."

"கொஞ்சம் பொறு. வைஃபை எங்கேயும் ஓடிப் போகலே" என்று சிரித்தார்.

எங்கள் லேப்டாப்பைத் திருப்பினேன். அடியில் ஒரு ஸ்க்ரூ இல்லை. மற்றதைக் கழற்றி மூடியைத் தூக்கினால், கார்டு இருக்க வேண்டிய இடம் காலி. இரண்டு மெல்லிய ஒயர்கள் எதிலும் சேராமல் கிடந்தன. அந்தப் பெண்ணுடைய கார்டு கெட்டுப்போயிருக்கும். அவளைக் காக்க வைக்க வேண்டாம் என்று எங்களுடையதைக் கழற்றி அதில் போட்டுவிட்டார்.

மாமியிடம் காட்டினேன். "சொந்த வீட்டு சாமானைப் புடுங்கியா ஊராருக்குக் குடுத்தான், கள்ளன்!" என்று சிரித்தார். மகன் போன பிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான். சிரித்து முடிப்பதற்குள் அழுதுவிட்டார்.

டிரைவரைப் பென் டிரைவில் எடுத்து அந்தப் பெண்ணின் லேப்டாப்பில் ஏற்றினேன். வைஃபை அடையாளம் வந்தது. பக்கத்து வீடுகளின் பேரெல்லாம் வரிசையாக வந்து நின்றது.

அடுத்த நாள் அந்தப் பெண் வந்தாள்.

"ஏனுங்க்கா, இந்த நேரத்துல வரக்கூடாதுதானுங்க. ஆகலீனாலும் பரவால்லைங்க, அப்படியே குடுங்க."

"ஆயிருச்சு. பாத்துக்கோ."

பார்த்தாள். "எவ்வளவுங்க்கா?"

"ஒண்ணும் வேண்டாம். அவுங்களுக்காகத் துஆ செய்யி."

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க்கா. எங்க சாமிகிட்ட வேண்டிக்கிட்டா ஆகுமுங்களா?"

உள்ளேயிருந்து மாமியின் குரல் வந்தது. "ஆகும் மோளே. நல்லா வேண்டிக்கோ."

கார்டு எங்களுடையது என்று நான் சொல்லவில்லை. எங்கள் லேப்டாப்பில் அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. பை போன பிறகும் கண் அலமாரி மேலேயே போகிறது. நடப்பதும் நிற்கவில்லை.

இதைப் படிக்கிறவர்கள், உங்களுக்குத் தெரிந்த மாதிரி, என் மாப்பிள்ளையின் கபுர், அவர் அடங்கியிருக்கும் குழி, விசாலமாக வேண்டும் என்று ஒரு வார்த்தை வேண்டிக் கேளுங்கள்.