ஃபியூஸ் மாட்டாத விளக்கு

இது யாரோ சொல்லக் கேட்ட கதை இல்லை. தெருமுனையில் கார் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் என் சித்தப்பாவுக்கு நடந்தது. அவர் கதை அளக்கிற ஆள் இல்லை. பல்பு மாற்ற வந்தவரிடமே, "இருக்கிறதே நல்லாத்தான் எரியுது, போய்ட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டுச் சித்தியிடம் திட்டு வாங்குகிறவர்.

அன்று மாலை 6.40. வெள்ளைக் கார் ஒன்று வந்து நின்றது. ஓட்டி வந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். தூங்கிப் பல நாள் ஆன முகம்.

"இருக்கிறதுலயே பெரிய பல்பா போடுங்க. வெளிச்சம் முடியுற இடத்துல யாரோ நிக்கிற மாதிரியே இருக்கு... யாருன்னு தெரியல."

"நூறு வாட்ஸ் போடலாம் சார். ஆனா பழைய வயர் தாங்காது, உருகிடும். பேட்டரியிலேருந்து தடிமனா தனி வயர் இழுத்து, ரிலே, ஃபியூஸ் வெச்சுத் தர்றேன்."

"எதையாவது செய்ங்க. சீக்கிரம்."

அவர் காருக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டார். சித்தப்பா புதுப் பல்புகளை விரல் படாமல் துணியால் பிடித்து மாட்டினார். என்ஜின் சூடு படாத ஓரமாக வயரை இழுத்துக் கட்டினார். மிச்சம் ஃபியூஸ் மட்டும்தான். அதை மாட்டாமல் பல்புக்குத் துளி கரண்ட் போகாது.

7.12. ஃபியூஸைக் கையில் எடுத்தார்.

டிக்.

பல்புக்குக் கரண்டைத் திறந்துவிடும் ரிலேயின் சத்தம். இரண்டு விளக்கும் பளீரென்று எரிந்தன.

"சார், ஆஃப் பண்ணுங்க!"

"நான் ஆன் பண்ணவே இல்லையே..."

ஃபியூஸ் சித்தப்பாவின் உள்ளங்கையில் இருந்தது. விளக்குக் கண்ணாடியைத் தொட்டார். ஐஸ் மாதிரி ஜில்லென்று...

எதிர்ச் சுவரில் ஒரு நிழல். பெண்ணின் நிழல். காருக்கும் சுவருக்கும் நடுவில் யாருமே இல்லை.

நிழல் பெரிதானது. விளக்கை நெருங்க நெருங்கத்தான் நிழல் பெரிதாகும். அது அவருக்குத் தெரியாதா?

அவள் வந்துகொண்டிருந்தாள்.

சுவர் முழுக்க இருண்டது. சட்டென்று வெளுத்தது. நிழல் இல்லை. விளக்கைத் தாண்டிவிட்டாள்.

பானெட்டின் மேல் சத்தம். டக்... டக்...

நான்கு கதவும் பூட்டிக்கொண்டன.

உள்ளேயிருந்து ஒரு பெண்குரல். நிதானமாக.

"இப்ப தெரியுதா?"

அலறல்.

பிறகு... எதுவுமில்லை. விளக்கு அணைந்தது. மணி 7.15.

சித்தப்பா ஸ்பானரால் கண்ணாடியை உடைத்து அவரை வெளியே இழுத்தார். உயிர் இருந்தது. கண் திறந்தே இருந்தது. முகத்துக்கு முன்னால் கையை ஆட்டியும் இமைக்கவில்லை.

பார்வை அடியோடு போய்விட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். ஆனாலும் அந்த ஆள் ராப்பகலாகக் கெஞ்சினாராம்: "லைட்டை அணைங்க... நேர் எதிர்ல நிக்கிறா..."

பத்து நாள் கழித்து, அவரிடம் வாக்குமூலம் வாங்கிய போலீஸ்காரர் கடைக்கு வந்தார். போன வருடம், வேலை முடிந்து நடந்து வந்த நர்ஸ் ஒருத்தியை அந்தக் கார் அடித்திருக்கிறது. அவர் இறங்கிப் பார்த்திருக்கிறார். அவள் கையை நீட்டியிருக்கிறாள். யார் கண்ணிலும் படக் கூடாதென்று ஹெட்லைட்டை அணைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

"அந்தப் பொண்ணு... உடனே போயிடுச்சா சார்?"

போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றினார்.

"இல்லண்ணே. விடியற வரைக்கும் உயிரோட இருந்திருக்கா."