உள்ளே திரும்பிய பாதம்

மற்ற வேலைகளுக்கு முதலில் பழக்கிவிட்டு அமர்த்துவார்கள். தாய் வேலைக்கு மட்டும் அமர்த்திவிட்டுத்தான் பழக்குகிறார்கள். தொட்டிலை விலக்கி விலக்கிப் பிள்ளையின் காலையே பார்த்துக்கொண்டிருக்கும் சகோதரிகளே, நான் பட்டதைச் சொல்கிறேன். நீங்களும் பட்டிருப்பீர்கள்.

கிரகணம்

கிரகணம் வெறும் நிழல் என்று பள்ளிக்கூடத்தில் கன்னியாஸ்திரிகள் தோடம்பழத்தையும் விளக்கையும் வைத்துக் காட்டியிருந்தார்கள். அதனால் வயிற்றில் பிள்ளையோடு, சூரிய கிரகணத்தன்று ஜன்னலருகே உட்கார்ந்து குழந்தைச் சட்டை தைத்தேன். மதினி, என் கணவரின் அக்கா, ஊசியைத் தொடாமல் கதவைச் சாத்தச் சொன்னார், நான் சிரித்தேன்.

கமலம் பிறந்தாள். இடது பாதம் உள்ளே திரும்பி, உள்ளங்கால் மற்றக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தது. மருத்துவச்சி பிள்ளையைத் துணியில் சுற்றினாள். மதினிதான் பேசினார்: “ஊசியத் தொடாதேன்னு தலையால அடிச்சிக்கிட்டேனே, கேட்டியா புள்ள?”

மாவுக்கட்டு

கண்டி ஆஸ்பத்திரி டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். ஊசிக்கும் காலுக்கும் சம்பந்தமில்லை என்றார். எனக்குப் பாதி உயிர் வந்தது. பிறகு அவர் பாதத்தைப் பிடித்து வெளிப்பக்கம் திருப்பினார்; அந்தப் பாதியும் போயிற்று. திருப்பிய நிலையிலேயே முழங்காலுக்கு மேல்வரை மாவுக்கட்டுப் போட்டார். அவிழ்த்து, இன்னும் கொஞ்சம் திருப்பி, மறுபடி கட்டவேண்டும். நனையவே கூடாது.

கமலம் கதறினாள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். “அழட்டும் தங்கச்சி, எலும்பு இளசாய் இருக்கேக்கைதான் சொல்வழி கேக்கும்” என்றார் டாக்டர்.

வெள்ளிக்கிழமை

கட்டுக்குக் கட்டு பாதம் கொஞ்சம் கொஞ்சமாக நேராகி வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய் வந்தேன். வீடெல்லாம் சாம்பிராணி மணம். மதினி குழந்தைக்கு எண்ணெய் தேய்த்து முழுக்காட்டி, தலைக்குப் புகை காட்டிக்கொண்டிருந்தார். கட்டு தோசை மாவாகக் கரைந்து தொங்கியது. உள்ளே பாதம் பழையபடி திரும்ப ஆரம்பித்திருந்தது.

பிள்ளையைப் பறித்துக்கொண்டேன். மதினிக்கோ நான் ஏன் பறித்தேன் என்றே விளங்கவில்லை. “காலத்தானே நனைக்காதேன்னாரு? நான் தலைக்குத்தானே ஊத்துனேன்!”

ரிக்‌ஷாவில்

மழையில் ரிக்‌ஷா பிடித்து ஓடினோம். மதினியும் ஏறிக்கொண்டார். இனியும் பிந்தினால் கத்திதான் வைக்கவேண்டி வரும் என்றார் டாக்டர். மறுபடி திருப்பிக் கட்டும்போது முழங்காலை அசையாமல் பிடிக்க ஆள் வேண்டும். நான் பின்வாங்கினேன். மதினி முன்னால் வந்து பிடித்தார். கண்ணீர் மூக்கு நுனியில் சொட்டியது. முகத்தை மட்டும் திருப்பவில்லை.

திரும்பி வரும்போது, ஈரக் கட்டின் மேல் தன் முந்தானையைப் போர்த்தியபடி சொன்னார்: “இனி வெள்ளிக்கிழமைன்னா நீ என்னைய வெளிய கூட்டிக்கிட்டுப் போயிரு.”

நடை

கத்தி வைக்கவில்லை. கட்டுக்குப் பிறகு பாதத்தைத் திரும்பாமல் பிடிக்கும் பலகை, பலகைக்குப் பிறகு காலில் மாட்டும் சப்பாத்து. கமலம் சுவரைப் பிடித்து, பிறகு சுவரை விட்டு நடந்தாள். பாதம் தரையில் தட்டையாகப் பதிந்தது.

நான் உடனே முழங்காலைப் பார்த்தேன். இரண்டு கால்களும் வில்லாக வளைந்திருந்தன! தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டர் முதல்முறையாகச் சிரித்தார். பிள்ளைகளின் கால் முதலில் வெளியே வளையும், பிறகு முழங்கால் முட்டும், பிறகு தானாக நேராகும் என்றார். ஆனால் பாதம் வேறு விஷயம். வளர வளர மறுபடி திரும்பப் பார்க்கும். எதுவரை என்று கேட்டேன். “பிள்ளை வளந்து முடியுமட்டும் பாத்துக்கொண்டுதான் இருக்கோணும், தங்கச்சி.”

பாதத்தைத் திருப்புகிறவர் சாயங்காலம் கை கழுவிவிட்டு வீட்டுக்குப் போகலாம். பயப்படுகிற வேலையில் இருப்பவளுக்குத்தான் பிள்ளை வளர்ந்து முடிகிறவரை லீவு கிடையாது.