அட்டைக்காக வேலைக்குப் போனவள்

எட்டு மணிச் சங்கு ஊதப் பத்து நிமிடம் இருக்கும்போதே ஜான்சி ஹாஜிரி எனப்படும் வருகைப் பதிவு மேசைக்கு வந்துவிடுவாள். மற்றப் பெண்கள் பெயரைச் சொல்லிவிட்டு உள்ளே ஓட, இவள் மட்டும் குமாஸ்தா தன் பெயருக்கு நேரே 'பி' என்று எழுதி முடிக்கும் வரை நகரமாட்டாள். ஆறாம் வகுப்போடு நின்ற படிப்பு. ஆனால் அந்த ஓர் எழுத்தைத் தலைகீழாக நின்றும் படித்துவிடுவாள். "ஒரு நாளு போச்சுன்னா யாரு குடுப்பா?" என்பாள்.

பிழைக்க வந்த வெளிமாநில ஊரில், ஹடப்சர் தொழிற்பேட்டையில் கார்களுக்கு ரப்பர் வளையம் செய்யும் தொழிற்சாலை அது. ஜான்சிக்கு முப்பத்தொன்பது வயது. குள்ளமான உருவம், ஓட்டமும் நடையுமாய் ஒரு வேகம். முழங்கைக்குக் கீழே இரண்டு கைகளிலும் பொட்டுப் பொட்டாகச் சூட்டுத் தழும்பு. எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் படிகளை எண்ணிவிடுவாள். மாடி ஏற முடியாத மனிதனோடு குடித்தனம் நடத்தியதில் ஒட்டிக்கொண்ட பழக்கம்.

அந்த மனிதன் அவள் கணவன் அமல்ராஜ். வீடுகளுக்கு வெள்ளையடிப்பவன். சிறு வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் உள்ளுக்குள்ளேயே இருந்து இதய வால்வைச் சுருக்கிவிட்டது. வால்வை மாற்ற ஒரு லட்சத்து அறுபதாயிரம் ஆகும் என்று ஒரு மருத்துவமனை துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தது. தர்ம ஆஸ்பத்திரியில் எல்லாச் சலுகையும் போகத் தொண்ணூறாயிரம். ஜான்சி அப்போது கராடியில் மூன்று வீடுகளில் சமைத்து மாதம் ஏழாயிரம் சம்பாதித்துக்கொண்டிருந்தாள். அமல்ராஜ் சாரம் ஏறி ஒரு வருடம் ஆகியிருந்தது.

மூன்று வீடுகளில் ஒன்று ரோஹிணியுடையது. கோயம்புத்தூரிலிருந்து வந்து கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவள். 2007இல் அவளுடைய அப்பாவுக்கு பைபாஸ் ஆனது. எட்டாம் நாள் அவர் வீடு திரும்பினார். ஜான்சி தோசை வார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஆஸ்பத்திரிக்கு எவ்ளோ ஆச்சும்மா?"

"நாங்க கட்டினது முந்நூத்தி நாப்பது ரூபாய்தான்க்கா. கூட இருந்தவங்க சாப்பாடு, ஃபோன் அவ்வளவுதான். மீதி ஒண்ணே முக்கால் லட்சமும் என் கம்பெனி குடுத்த இன்சூரன்ஸ் கார்டுலயே போயிடுச்சு."

தோசை கருகிய வாசனை வந்த பிறகுதான் ஜான்சி தோசைத் திருப்பியை எடுத்தாள்.

"அந்தக் கார்டுல எங்க ஊட்டுக்காரரையும் சேக்க முடியுமா?"

அம்மா அப்பாவை மட்டும்தான் சேர்க்க முடியும் என்றாள் ரோஹிணி. சொல்லிவிட்டு மனசு கேட்காமல் உள்ளே போய்ப் பத்தாயிரம் எடுத்து வந்தாள். ஜான்சி வாங்கவில்லை.

"துட்டு வேணாம் கண்ணு. என்னை மாதிரி ஆளுக்கு அந்தக் கார்டு எங்க குடுப்பாங்க? அதை மட்டும் விசாரிச்சுச் சொல்லு."

ரோஹிணி அலுவலகத்தில் விசாரித்தாள். தொழிற்சாலை வேலை என்றால் தொழிலாளர் காப்பீடான ஈ.எஸ்.ஐ. அட்டை உண்டு, குடும்பத்துக்கும் வைத்தியம் உண்டு என்று மறுநாள் வந்து சொன்னாள். அடுத்த மாதமே ஜான்சி ஏழாயிரத்தை விட்டுவிட்டு மூவாயிரத்து அறுநூறுக்கு ரப்பர் வளையம் பொறுக்கப் போனாள். அதிலும் அட்டைக்கென்று அறுபத்துமூன்று ரூபாய் பிடித்துக்கொண்டார்கள். குடியிருந்த கோர்ப்படியில் அக்கம்பக்கத்தார் அவளுக்கு மூளை குழம்பிவிட்டது என்றே நினைத்தார்கள்.

அட்டை வந்ததும் ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்கு ஓடினாள். பெரிய ஆபரேஷனுக்கு எழுத வேண்டுமானால் ஒரு வருடச் சந்தா விடாமல் கட்டியிருக்க வேண்டும் என்றார் அங்கிருந்தவர். வீட்டுக்கு வந்து கணவனிடம் ஒளிக்காமல் சொன்னாள்.

"ஒரு வருசம் ஆவும். அதுவரைக்கும் இருப்பியா?"

அமல்ராஜ் மூச்சைச் சேர்த்துக்கொண்டு சொன்னான்: "நீ லீவு போடாம இரு. நானும் போடல."

அவள் போடவில்லை. காய்ச்சலோடு போனாள். தங்கை கல்யாணத்துக்கு வேலை முடிந்து சாப்பாட்டுக்குத்தான் போய்ச் சேர்ந்தாள். ஏழாவது மாதம் சூப்பர்வைசர் மும்தாஜ் ஒரு பட்டியலோடு வந்தாள். ஒப்பந்தப் பெண்கள் எல்லாருக்கும் ஒரு மாதம் 'பிரேக்'; வீட்டில் இருந்துவிட்டுப் புதிதாகச் சேர வேண்டும். ஒரு மாதம் விட்டுப்போனால் ஏழு மாதமும் வீண். ஜான்சி அழவில்லை. பிரேக் இல்லாதவர்கள் யாராவது உண்டா என்று மட்டும் கேட்டாள். மும்தாஜ் பிரஸ் ரூமைக் காட்டினாள். கொதிக்கும் இரும்பு அச்சைத் திறந்து ரப்பரை உரித்தெடுக்கும் இடம். ஆள் நிற்பதில்லை என்பதால் அங்கே இருப்பவர்களை 'பிரேக்'கில் அனுப்புவதும் இல்லை. நீயும் ஒரு வாரம் நிற்கமாட்டாய் என்று மும்தாஜ் இந்தியில் சொன்னாள். "அஞ்சு மாசம் நிக்கணும்" என்று தமிழிலேயே பதில் சொல்லிவிட்டு உள்ளே போனாள் ஜான்சி. அங்கே வாங்கியவைதான் அந்தத் தழும்புகள்.

வருடம் முடிந்தது. அதன் பிறகும் இரண்டு மாதம் வரிசையில் காத்திருந்தார்கள். அமல்ராஜால் படுக்க முடியவில்லை. தலையணைகளை அடுக்கி, சாய்ந்தபடியே தூங்கினான். ஆனால் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு அனுப்பும் நாளில் ஒரு காகிதம் கொடுத்தார்கள். செலவு ஒரு லட்சத்து ஐம்பத்திரண்டாயிரம். நோயாளி கட்ட வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. பக்கத்துப் படுக்கையில் இருந்தவருக்கும் அதே வால்வுதான். அவருக்கு அட்டை கிடையாது. தான் ஓட்டிய ஆட்டோவை விற்றுக் கட்டியிருந்தார். அவர் மனைவி லீலா, "உங்களுக்கு எவ்ளோ வந்திச்சுக்கா?" என்று கேட்டபோது ஜான்சி காகிதத்தை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். "எதையோ திருடிட்டாப்ல இருந்திச்சு" என்று இப்போதும் சொல்கிறாள்.

வைத்தது உலோக வால்வு. உயிருள்ள வரை மாத்திரை, மாதாமாதம் ரத்தப் பரிசோதனை. வேலையை விட்டால் அட்டை போய்விடும். அட்டை போனால் இவையும் போய்விடும்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரோஹிணி கோர்ப்படி வீட்டுக்கு வந்தாள். கட்டிலில் அமல்ராஜ் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான். ரோஹிணி ஜான்சியின் கைகளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "போதும்க்கா, எங்க வீட்டுக்கே வந்துடுங்க. ஒன்பதாயிரம் தர்றேன். அதான் அண்ணனுக்கு நல்லாயிடுச்சே, இனிமே எதுக்கு அந்தச் சூட்டுல நிக்கணும்?" என்றாள்.

ஜான்சி எழுந்து போய் டிவியை அணைத்தாள். மின்விசிறியையும் நிறுத்தினாள். அறை அடங்கியதும் அமல்ராஜின் சட்டைக்குள்ளிருந்து 'டிக், டிக்' என்று உலோக வால்வு திறந்து மூடும் மெல்லிய சத்தம் கேட்டது. ரோஹிணி ஏதோ கேட்க வாயெடுத்தாள். ஜான்சி உதட்டில் விரல் வைத்து, கேள் என்பதுபோல் கணவனின் மார்பைக் காட்டினாள்.