ஈயம் போன கை

எனக்கு எழுபத்துமூன்று வயது ஆகிறது. பெற்றது ஐந்து, வளர்த்தது ஏழு. கூடுதலான இரண்டும் என் தங்கை விட்டுப்போன பிள்ளைகள். ஏழையும் குளிப்பாட்டித் தலை துவட்டிய கை இது என்று நான் சொல்லிச் சொல்லியே ஊரில் பாதிப் பேருக்குக் காது புளித்திருக்கும். அந்தக் கை ஒரு முறை என்னை எப்படி நாற்சந்தியில் நிற்கவைத்தது என்பதை மட்டும் இதுவரை யாருக்கும் சொன்னதில்லை.

திருவண்ணாமலை தனி மாவட்டமான வருடம், அடி அண்ணாமலையில் மலை சுற்றும் பாதையோரம் இட்லிக் கடை போட்டேன். ஓலைக் கொட்டகை, இரண்டு பெஞ்சு, ஒரு அடுப்பு. இடம் அடுத்த வீட்டுப் பெரியவருடையது. என் இட்லி நன்றாக இருக்கிறது என்று யாரும் சொன்னதில்லை. சாம்பாரைப் பற்றி ஒருவரும் வாயே திறந்ததில்லை. ஆனால் என் பாத்திரத்தில் முகம் பார்க்கலாம். பௌர்ணமிக்கு வந்த ஒரு பெண்பிள்ளை என் தாம்பாளத்தைத் தூக்கிப் பிடித்துப் பொட்டைச் சரிசெய்துகொண்டாள். அந்த ஒரு பொட்டை வைத்து நான் ஒரு மாதம் பெருமை பேசினேன்.

அந்தப் பளபளப்பு சும்மா வரவில்லை. சலவைச் சோடாவைக் கொதிக்கிற தண்ணீரில் கரைப்பேன். மற்றவர்கள் விரல் வைத்தால் அலறுகிற சூட்டில் முழங்கைவரை விட்டுத் தேய்ப்பேன். பிசுக்கு என்றால் எனக்கு ஜென்ம விரோதி. பாத்திரம் முடிந்ததும் அதே சோடாத் தண்ணீரில் கையையும் ஒரு தேய் தேய்த்து, அடுப்பு அனலில் காட்டிக் காயவைப்பேன். இப்படிப் பத்துப் பன்னிரண்டு வருடம். கை வெளுத்து, சொரசொரத்து, கோடு கோடாக வெடித்தது. புளி கரைத்தால் உச்சிவரை எரியும். அதை நான் உழைத்தவளின் மெடல் என்று நினைத்தேன்.

என் கடைசி மகனின் மனைவி என்னோடுதான் கடையில் நின்றாள். அவள் அப்போதே சொன்னாள்.

“அத்தே, கையில ரத்தம் வருது பாருங்க. கொஞ்சம் எண்ணெ வையுங்க.”

“எனக்கு இன்னா, பொண்ணு பாக்கவா வராங்க? போயி சட்னிய அரை.”

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருடம் இருக்கும். பெரியவர் பெங்களூரில் இருக்கும் மகன் வீட்டோடு போய்விடுவது என்று முடிவெடுத்தார். கடை இருக்கிற இடத்தை எனக்கே கொடுப்பதாகச் சொன்னார். லாட்ஜ் கட்ட வேறொருவர் கேட்டுக்கொண்டிருந்தும் என்னிடம்தான் வாக்குக் கொடுத்தார். ஆனி முடிவதற்குள் எழுதிவிட வேண்டும், ஆடி பிறந்தால் யாரும் பத்திரம் எழுதமாட்டார்கள், அதற்குள் அவரும் ஊரைவிட்டுப் போய்விடுவார். என் பெயரில் அதுவரை ஒரு சாண் மண் கிடையாது. அப்பா வீட்டில் அண்ணன் பெயர், புகுந்த வீட்டில் புருஷன் பெயர். இது ஒன்றாவது என் பெயரில் இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். ஆசை என்ன, வெறி.

நானும் பெரியவரும் கடைசி மகனும் டவுனில் பத்திர ஆபீசுக்குப் போனோம். கையெழுத்துப் போடத் தெரியும் எனக்கு. சாயங்கால வகுப்பில் உட்கார்ந்து என் பெயரை மட்டும் எழுதக் கற்றிருந்தேன். எழுத்து எழுத்தாகக் கோர்த்துப் போட்டுவிட்டு, கைநாட்டு என்று இனி ஒருத்தன் சொல்லட்டும் பார்க்கலாம் என்று நிமிர்ந்தேன். குமாஸ்தா மைப்பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

“இடது கை பெருவிரல் வைம்மா.”

“நான்தான் கையெழுத்து போட்டேனே.”

“கலெக்டரே வந்தாலும் ரேகை வைக்கணும். வை.”

வைத்தேன். தோசை கருகின மாதிரி ஒரு கறுப்புத் திட்டு விழுந்தது. மறுபடி வைத்தேன். இன்னொரு தோசை. மூன்றாம் முறை அவரே என் விரலைப் பிடித்து உருட்டினார். பிறகு விரலைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார்.

“ஏம்மா, ரேகையே இல்லையே. எங்க போச்சி?”

வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர், “பேங்க்குல கீங்குல கொள்ளையடிக்கப் போறாங்களோ இன்னாவோ” என்றார். ஆபீசே சிரித்தது. கை நன்றாக ஆனபிறகு வரச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். கைநாட்டு என்று கேலி செய்வார்கள் என்று பயந்து எழுத்துக் கற்றவளுக்கு, கடைசியில் அந்தக் கைநாட்டும் வரவில்லை.

பஸ்சில் வரும்போது மகன் மெதுவாக ஆரம்பித்தான். “ம்மா, உன் மருமக பேர்ல எழுதிடலாமா? அவ கை நல்லாத்தான் கீது.”

“ஏண்டா, என் கை அழுகிப் போச்சா? இருபது நாள்ல ரேகைய வரவைக்கிறேன் பாரு” என்றேன்.

எனக்கு ஒரு யோசனை இருந்தது. என் வீட்டுப் பித்தளை அண்டாவில் அப்பா பெயர் வெட்டியிருக்கும். அழுக்கு ஏறினால் எழுத்து தெரியாது. புளியும் செங்கல் தூளும் போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று எழுந்து வரும். ரேகையும் அப்படித்தானே, அடியில் இருக்கும், அழுக்கு மூடியிருக்கும் என்று கணக்குப் போட்டேன். மூன்று நாள், வேளைக்கு ஒரு தரம், பெருவிரலைப் புளி போட்டு, செங்கல் தூள் போட்டு, தேங்காய் நாரால் தேய்த்தேன். கண்ணில் தண்ணீர் கொட்டும். விடவில்லை. நாலாம் நாள் விரல் சிவந்து வழவழவென்று வேகவைத்த பனங்கிழங்கு மாதிரி ஆனது.

மருமகள் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டாள். “ரேகைய தேச்சி எடுத்துட்டு, ரேகைய காணோம்னு தேடறீங்களே அத்தே!”

அவள்தான் என்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். தோல் டாக்டர் சின்னப் பெண். என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டது. இந்த மாதிரிக் கேட்டால் நான் விடுவேனா? சோடாவில் தொடங்கி தாம்பாளத்துப் பொட்டுவரை சொன்னேன். முழுக்கக் கேட்டது.

“ஈயம் பூசின பித்தளைப் பாத்திரம் வெச்சிருக்கீங்களாம்மா?”

“நாலு கீது.”

“அது உள்ள செங்கல் தூள் போட்டு தேய்ப்பீங்களா?”

“யாராவது தேச்சா கைய ஒடிப்பேன். ஈயம் போயிடும்ல? அப்புறம் ரசம் வெச்சா களிம்பு ஏறி விஷமாயிடும்.”

“உங்க தோல் மேலயும் அப்படி ஒரு பூச்சு கீதும்மா. மெல்லிசா. செத்த தோலும் எண்ணெப்பசையும் சேந்த பூச்சு. உள்ள கீற ஈரம் வெளிய போவாம, வெளிய கீற அழுக்கு கிருமி உள்ள வராம அதுதான் காக்குது. சோடாவுக்குப் பாத்திரத்து பிசுக்கு எது, உங்க கைப் பசை எதுன்னு தெரியுமா? ரெண்டையும் வழிச்சி எடுத்துடும். சுடுதண்ணி அதுக்கு மேல.”

நாலு பாத்திரத்து ஈயத்துக்குக் காவல் காத்தவள், என் மேல் கடவுள் பூசி அனுப்பிய ஈயத்தைப் பன்னிரண்டு வருடம் சுரண்டியிருக்கிறேன்.

“மறுபடி பூச முடியுமா டாக்டர்?”

“அதுவே பூசிக்கும். நீங்க சுரண்டாம இருந்தா போதும்.”

ஒரு மாதம் சோடா தொடக்கூடாது, சுடுதண்ணீர் கூடாது. கை நனைந்தால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் காய்வதற்குள் டாக்டர் கொடுத்த களிம்போ தேங்காய் எண்ணெயோ தடவ வேண்டும். பாத்திரம் தேய்த்தே ஆகவேண்டும் என்றால் ரப்பர் உறை போட்டுக்கொள்ள வேண்டும். மகன் ஒரு ஜதை உறை வாங்கி வந்தான். நான்தான் பாத்திரமே தேய்க்கப் போவதில்லையே, புதுசு வீணாகக் கூடாது என்று டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன்.

பாத்திரம் முழுக்க மருமகள் தலையில் விழுந்தது. நான் எண்ணெய் தடவிய கைகளை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு கடை வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தேன். பௌர்ணமியன்று மலை சுற்றிவந்த ஒருவர் என் உள்ளங்கையில் ஒரு ரூபாயைப் போட்டுக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். “ஐயா, நான் கடைக்காரி” என்று கத்தினேன். திரும்பிப் பார்க்கவில்லை. மருமகள் சிரித்த சிரிப்பில் மாவுக் கரண்டி கீழே விழுந்தது.

“இட்லிய விட இதுல ஜாஸ்தி வரும் போல அத்தே!”

“வாய மூடிக்கினு அந்த குண்டானப் பாரு. அடியில பிசுக்கு கீது. திரும்ப தேய்.”

அப்படித்தான் இருந்தது என் மேற்பார்வை. அவள் கழுவிக் கவிழ்த்ததை நான் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பேன். ஒரு நாளைக்குப் பத்து உருப்படியாவது திருப்பி அனுப்புவேன்.

தினம் காலையில் தோசைக்கல்லின் கரியைப் பெருவிரலில் தொட்டு, கிழித்த காலண்டர்த் தாளில் வைத்துப் பார்ப்பேன். பத்தாம் நாள் ஓரத்தில் இரண்டு கோடு வந்தது. பதினைந்தாம் நாள் அரைவட்டமாக ஐந்தாறு. தொட்டால் தோல் மெத்தென்று இருந்தது, புளி கரைத்தாலும் எரியவில்லை. ஆனி முடிய மூன்று நாள் இருக்கும்போது மறுபடி பத்திர ஆபீசுக்குப் போனோம். பெரியவர், மகன், சாட்சிக்கு மருமகள்.

விரலை வைத்தேன். எடுத்தேன். புதுசாக உழுத வயல் மாதிரி வரிசையாக அத்தனை கோடும் விழுந்திருந்தது. குமாஸ்தாவே, “பரவாயில்லையே, எங்கம்மா வெச்சிருந்தீங்க இத்தன நாளா?” என்றார். இடம் என்னுடையதாகிவிட்டது. பின்னால் வரிசையில் நிற்பவர்களுக்கெல்லாம் தாளைத் தூக்கிக் காட்ட வேண்டும் போல இருந்தது.

சாட்சிக் கையெழுத்துக்கு மருமகளைக் கூப்பிட்டார்கள். அவள் பேனாவைப் பிடித்தாள். பிடி நிற்கவில்லை. பள்ளிக்கூடத்தில் முத்து முத்தாக எழுதினவள். விரலை மடக்க முடியாமல், இரண்டு விரலுக்கு நடுவில் பேனாவைச் செருகிக்கொண்டு எழுதினாள். குனிந்து பார்த்தேன். மூட்டுக்கு மூட்டு வெடிப்பு. பெருவிரல் வழவழவென்று சிவந்திருந்தது.

“இன்னாடி இது கையி?”

“நீங்க தேய்க்காத பாத்திரத்த யாராவது தேய்க்கணும்ல அத்தே.”

“சோடா வேணாம்னு டாக்டர் சொன்னத நீயும்தான கேட்ட?”

“கேட்டேன். சோடா போடாம கழுவனா பிசுக்கு கீதுன்னு திருப்பி அனுப்பனது யாரு?”

குரலை உயர்த்தவில்லை அவள். மைபட்ட என் விரலைத் துடைக்கத் தன் முந்தானையில் எண்ணெய் தொட்டுக் கொண்டுவந்திருந்தாள். சோடா, சோப்பு எதுவும் என் விரலில் படக்கூடாதாம். துடைத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து, உறையை எடுத்து அவளிடம் நீட்டினேன். “இந்தா” என்று மட்டும் சொன்னேன். அவள் வாங்கி மாட்டிப் பார்த்தாள், சரியாக இருந்தது. அன்றோடு கடையில் சோடா நின்றது. அவள் கை ஆற இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதமும் அவளிடமிருந்து அதே உறையை வாங்கி நான் போட்டுக்கொண்டு பாத்திரம் தேய்த்தேன், அவள் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து ஒன்றைக்கூடத் திருப்பி அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அவளிடம் அன்று சொல்லாமல் விட்டதை நேரில் உட்காரவைத்துச் சொல்ல இன்றும் எனக்கு நாக்கு எழாது. என் சாமர்த்தியம் அவ்வளவுதான்.

போதும், பேனாவை வை கண்ணு. சொன்னதையெல்லாம் உன் பள்ளிக்கூடத் தமிழிலே எழுதினாயே, அதை முதலிலிருந்து ஆயாவுக்குப் படித்துக் காட்டு. சத்தமாகப் படி. உங்கம்மா அடுப்படியில்தான் இருக்கிறாள்.