லில்லி வாசலோடு நிற்கட்டும்

விவேக் நகரில் பவுலின் ஆன்ட்டி வீட்டு மாடிக்கு நான் குடிவந்து இரண்டு வருஷமாகிறது. கோலாலம்பூரிலிருந்து வேலைக்கு வந்தவன், எதற்கும் பயப்படுவேன். ஆன்ட்டி நேரெதிர். முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் வார்டு ஆயா. ஒருமுறை பெரிய டாக்டர் மன்னிப்புக் கேட்கச் சொன்னபோது, "தப்பு என்னுதா இருந்தா கேக்கறேன்" என்று பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாராம். இப்போது அவருக்குத் துணை மேஜர்: பாதிக் காது போன சாம்பல் பூனை.

மே மாதம் முழுக்க எங்கள் தெருவில் மாதா சுரூபம், அதாவது சிலை, வீடு வீடாக வரும். ஒரு வீட்டில் ஒரு நாள். சாயங்காலம் எல்லோரும் கூடி ஜெபமாலை சொல்வார்கள். இந்த வருஷம் சுரூபத்தோடு ஒரு வெள்ளை லில்லித் தொட்டியும் சுற்றியது. பூனைக்கு லில்லி ஆகுமா என்று தேடிப் பார்த்தேன். இலை, மகரந்தம், தொட்டித் தண்ணீர், எது வாயில் பட்டாலும் சிறுநீரகம் போய்விடும் என்றிருந்தது. ஆன்ட்டியிடம் சொன்னேன்.

அவர் உடனே ஜெபக்குழுத் தலைவர் ரெமிஜியஸிடம் போனார்.

"மாதா வரட்டும்ணா. லில்லி வேணாம். என் மல்லிப்பூத் தொட்டி இருக்கு, அது பூனைய ஒண்ணும் பண்ணாது."

ரெமிஜியஸ் சிரித்தார். "சாமியார் மந்திரிச்ச செடி அக்கா. அதுவா கொல்லும்?"

"கிட்னி போனா எப்படி இருக்கும்னு நான் வார்டுல பாத்தவ. மந்திரிச்ச ஜெபமாலையோடதான் போனாங்க எல்லாரும்."

ஆன்ட்டியின் முறை வந்த அன்று லில்லியும் வந்தது. ஆன்ட்டி கேட்டை மறித்து நின்றார்.

"அது வாசலோட நிக்கட்டும்."

"ஒரு பூனைக்காக மாதாவை அவமானப்படுத்தறியா?" என்றார் ரெமிஜியஸ்.

"மாதாவைக் கூப்பிட்டுட்டுதானே நிக்கறேன்? தொட்டியத்தான் வேணாங்கறேன்."

தொட்டியைச் சுமந்து வந்த ரெமிஜியஸின் மகள் லீனா, கை வலித்து, அதைக் காம்பவுண்டுச் சுவர்மேல் வைத்தாள். எங்கிருந்தோ மேஜர் சுவரில் ஏறி, பூவை உரசிக்கொண்டு நடந்தது. முதுகெல்லாம் ஆரஞ்சு மகரந்தத் தூள். நக்கக் கழுத்தைத் திருப்பியது. ஆன்ட்டி பாய்ந்து பிடித்து முந்தானையில் சுற்றினார்.

"ஆட்டோ புடி" என்றார் என்னிடம்.

"சுரூபம் வாசல்ல நிக்குது, நீ எங்க போற?" என்றார் ரெமிஜியஸ்.

"கதவு திறந்துதான் இருக்கு. மல்லிப் பக்கத்துல வெச்சு நீங்க ஜெபமாலை சொல்லுங்க. நான் வர நேரமாகும்."

கால்நடை ஆஸ்பத்திரியில் பூனையைக் குளிப்பாட்டி, மூன்று நாள் டிரிப்ஸ் ஏற்றினார்கள். ஆன்ட்டி வீட்டுக்குக் குளிக்க மட்டும் வந்தார். ரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்ற பிறகுதான் தூங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை ஜெபக்குழு கூடியது. ஆன்ட்டி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார் ரெமிஜியஸ். டிரிப்ஸுக்காக முன்கால் மழிக்கப்பட்ட மேஜரைக் கூடையில் வைத்துக்கொண்டே ஆன்ட்டி எழுந்தார்.

"மாதாகிட்ட அன்னைக்கே ஆட்டோலயே பேசிட்டேன். உங்ககிட்ட கேக்க ஒண்ணுமில்ல. இன்னும் பத்து வீடு பாக்கி, அதுல நாலு வீட்ல பூனை இருக்கு. மல்லித் தொட்டி வெளியில வெச்சிருக்கேன். யார் தூக்கறீங்க?"

ரெமிஜியஸ் கூரையைப் பார்த்தார்.

லீனா எழுந்து செருப்பைத் தேடினாள்.